கண்ணாடி ஓரத்தில் ஒரு கொப்புளம்

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பக்கெட்டும் பழைய பனியன் துணியும்தான். பானெட், கதவு, டிக்கி என்று துடைத்துக்கொண்டே வருபவர்கள், முன்கண்ணாடியைச் சுற்றி ஓடும் வெள்ளிப் பட்டையை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார்கள். வண்டிக்கு அதுதானே நகை! அப்படித் தேய்க்கும்போது, பட்டைக்குக் கீழே, மூலையில், பெயிண்ட் கடுகளவு உப்பியிருப்பது விரலில் தட்டும். 'அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கும்போது பார்த்துக்கலாம்' என்று துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு உள்ளே போய்விடுவோம்.

இந்த வாரம் அந்தக் கடுகைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

இப்போது வரும் கார்களில் முன்கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். பத்மினி, அம்பாசடர் காலத்தில் ரப்பர்தான். கண்ணாடி உட்காரும் இடத்தில் பாடியின் தகரம் அரை அங்குலம் போல உள்ளே மடிந்து, ஒரு விளிம்பாக நிற்கும். ரப்பர் பீடிங்குக்கு இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு பள்ளம் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு பள்ளம் இந்த விளிம்பைக் கவ்விக்கொள்ளும். பீடிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ள மூன்றாவது சின்ன வாய்க்காலில் வெள்ளிப் பட்டையைச் செருகுவார்கள். அழகுக்கு மட்டும் இல்லை அது. ஆப்பு அடித்த மாதிரி ரப்பரை விரித்து, பிடியை இறுக்கி வைப்பதும் அந்தப் பட்டைதான்.

ரப்பர் புதிதாக இருக்கும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. இருபது வருட வெயிலில் அது கருவாடாகக் காய்ந்து சுருங்கும்போது, தகரத்துக்கும் ரப்பருக்கும் நடுவே தலைமுடி அளவு சந்து விழுகிறது. மழைத்தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை பக்கெட் தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கும். இறங்கியது லேசில் வெளியே வராது. உள்ளே சேர்ந்திருக்கும் தூசி பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரை ஊர் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். நன்றாகக் காற்றுப்படும் இடத்தைவிட, இப்படிக் காற்று புகாமல் ஈரம் மட்டும் தங்கும் இடுக்கில்தான் இரும்பு வேகமாக அரிக்கும் என்பது வேதியியல். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். இடம் போதாமல் பெயிண்டைத் தூக்குகிறது. நம் விரலில் தட்டும் கடுகு அதுதான். ஆகவே கொப்புளம் துருவின் ஆரம்பம் இல்லை. உள்ளே வேலை ஏறக்குறைய முடிந்தபிறகு நமக்கு வரும் தகவல்.

எங்கள் தெருவில், திருவான்மியூர் கடற்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில், ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் 1986-ல் புக் செய்து, காத்திருந்து வாங்கிய பிரீமியர் பத்மினி இன்னும் போர்ட்டிகோவில் நிற்கிறது. அவர் போய் மூன்று வருடமாகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன், "எடைக்குப் போட்டுடும்மா, யார் பாத்துக்கறது?" என்கிறார். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் போடும் அந்த வண்டியில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட மகளோ, "நான் ஓட்டறேன், குடுக்காதே" என்கிறார். ஆர்.சி. புதுப்பிக்க இரண்டு மாதம்தான் பாக்கி. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.வில் காட்டித் தகுதி பார்த்துத்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். போன மழையில் டிரைவர் பக்கம் மிதியடிக்கு அடியில் தண்ணீர் நின்றிருக்கிறது. அக்காவின் கவலை அதுதான். "தம்பி, வெளியே பாக்க நல்லாத்தான் இருக்கு. உள்ள என்னன்னு தெரியலையே. சரிபண்ணலாமா, குடுத்துடலாமா?"

பத்மினியைப் பற்றித் தெரியாத பிள்ளைகளுக்காக இரண்டு வரி. இத்தாலியின் ஃபியட் 1100 கார்தான் அது. 1964 முதல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்து, 1970-களில் மேவார் ராணியின் பெயரைச் சூட்டியது. 1089 சி.சி. எஞ்ஜின். தயாரிப்பு நின்று ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. பம்பாயின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸிகளில் கடைசி பத்மினிக்கு 2023 அக்டோபரில் இருபது வருடக் கெடு முடிந்தபோது, பேப்பர்களெல்லாம் பிரிவுபசாரம் எழுதின. உதிரி பாகங்கள் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடினால் இன்னும் கிடைக்கும், தேடத்தான் வேண்டும்.

அக்கா வீட்டு வண்டியைப் பார்க்கப் போனபோது ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப்போனேன். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி (பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க), கண்ணாடியைச் சுற்றியும் கதவுக்கு அடியிலும் மெதுவாக நகர்த்த வேண்டும். தகரம் இருக்கும் இடத்தில் கவ்வும். பட்டி பூசிய இடத்தில் வழுக்கிவிடும். பட்டி, ஃபைபர், செய்தித்தாள் எதுவாக இருந்தாலும் காந்தத்துக்கு ஒன்றுதான். அக்கா வண்டியில் கண்ணாடியின் இரண்டு கீழ் மூலைகளிலும் காந்தம் நிற்கவே இல்லை. அதாவது ஏற்கெனவே யாரோ ஒருவர் துருவின்மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார். அக்காவுக்கு ஞாபகம் வந்தது. "எட்டு வருஷம் முன்னாடி ஃபுல் பெயிண்ட் அடிச்சோம். நாலே நாள்ல குடுத்துட்டாங்கன்னு அவர் சந்தோஷப்பட்டார்."

நாலு நாளில் எப்படிக் கொடுக்க முடிந்தது? கண்ணாடியைக் கழற்றாததால்தான். ரப்பர்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, டேப் வரை அடித்துவிடுவது. மறைந்திருக்கும் விளிம்புக்குப் புதுப் பெயிண்ட் போகவே போகாது. பழைய வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க விலை கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். என்ன கம்பெனி பெயிண்ட், எத்தனை கோட் என்பதெல்லாம் அப்புறம். முதலில் "கண்ணாடியைக் கழட்டுவீங்களா?" என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அங்கே வண்டியை விடாதீர்கள்.

அக்காவுக்கும் இரண்டு பேர் விலை சொன்னார்கள். முதலாமவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஒரு வாரத்துல பளபளன்னு ஆக்கிடறேம்மா" என்றார். இரண்டாமவர் ஒரு பாய், ஐம்பது வருடமாக டிங்கரிங் பட்டறையில் இருப்பவர். அவர் சொன்ன தொகை முதலாமவருடையதைப்போல மூன்று பங்கு. அதுவும் உறுதியில்லை என்றார். "கண்ணாடியைக் கழட்டாம நான் விலையே சொல்லக்கூடாதும்மா. கழட்டிப் பாத்துட்டு, செய்யற மாதிரி இருந்தா செய்யறேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடறேன்." அக்கா யோசித்துவிட்டு, கழற்றிப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதித்தார். எனக்கு அது சரியான முடிவாகப் பட்டது. வேலை முழுவதற்கும் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் கழற்றிப் பார்க்கும் கூலியைத் தனியாகக் கொடுப்பது வீண் செலவே இல்லை.

பட்டையைக் கழற்றுவதில்தான் பொறுமை தெரியும். கண்ணாடியின் மேல்பக்கமோ கீழ்பக்கமோ நடுவில் பட்டையின் இரண்டு முனைகள் சேரும். அந்தச் சேர்க்கையை ஒரு சின்ன மூடி மறைத்திருக்கும். மூடியை ஒருபுறமாக நகர்த்தினால் முனை தெரியும். பாய் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. பழைய பிளாஸ்டிக் அளவுகோலைத் தேய்த்து ஆப்பு மாதிரி வைத்திருந்தார். ரப்பருக்கு முதலில் சோப்புத் தண்ணீர் தடவி, ஊறவிட்டு, ஒரு விரற்கடை தூக்கி, அடுத்த விரற்கடைக்குப் போனார். ஒரே இடத்தில் நெம்பினால் பட்டை மடங்கும். அலுமினியமாக இருந்தால் அந்த மடிப்பு கடைசிவரை முகத்தில் தழும்பாக நிற்கும். மூலை வளைவுகளில் இன்னும் மெதுவாக. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. கழற்றிய பட்டையைச் சுவரில் சாய்த்து வைக்காமல், பலகைமேல் படுக்கவைத்துக் கயிறு கட்டினார். (அமெரிக்க இம்பாலா, மஸ்டாங் வகையறாவில் இந்தக் கதை வேறு. அங்கே பட்டை ரப்பரில் இருக்காது. பாடியில் பற்றவைத்த சின்னக் குமிழ்களில் கிளிப் மாட்டி, அதில் பட்டையைப் பிடித்திருப்பார்கள். கிளிப்பை விடுவிக்கத் தட்டையான, முனை வளைந்த கருவி வேண்டும். துரு முதலில் பிடிப்பதும் அந்தக் குமிழ்களைச் சுற்றித்தான்.)

அடுத்தது கண்ணாடி. வைப்பர் கைகளைக் கழற்றியாயிற்று. பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது. வெளி உதட்டைப் பிளேடால் சுற்றிலும் அறுத்துவிட்டால், கண்ணாடி வலியில்லாமல் வெளியே வரும். உள்ளிருந்து ஒருவர் மேல் மூலையில் உள்ளங்கையால் தள்ள, வெளியே இரண்டு பேர் ஏந்திக்கொள்ள வேண்டும். அறுத்த ரப்பரை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு ஜாண் துண்டு கையில் இருந்தால்தான் கடையில் அதே அச்சு ரப்பர் வாங்க முடியும். 'பத்மினிக்கு' என்று மட்டும் கேட்டால் மூன்று விதம் எடுத்துப் போடுவார்கள்.

கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையையும் படித்துவிடுங்கள். பழைய வண்டிகளில் சிலவற்றுக்கு 'டஃபன்ட்' கண்ணாடி இருக்கும். அதன் ஓரத்தில் ஓர் அடி பட்டால் முழுக் கண்ணாடியும் கல்கண்டாகச் சிதறிவிடும். 'லேமினேட்டட்' என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருக்கும். உடைந்தாலும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் வகை என்றால், கழற்றிய கையோடு இரண்டாம் வகைக்கு மாறிவிடுவது உத்தமம்.

சரி, உள்ளே என்ன இருந்தது?

மேல்பக்க விளிம்பு பழைய பெயிண்ட்டோடு அப்படியே இருந்தது. பக்கவாட்டுத் தூண்களில் மேலாகச் செந்தூள், அவ்வளவுதான். கீழ் விளிம்பின் நடுப்பகுதி குழிகுழியாக இருந்தாலும் கெட்டியாக இருந்தது. இரண்டு மூலைகளில்தான் வினை. பாய் ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் குத்தினார். இடதுபக்கம் பட்டி உதிர்ந்தது; அதன்பின் அப்பளம் மாதிரி தகரம் உதிர்ந்தது. கட்டை விரல் நுழையும் ஓட்டை. வலதுபக்கம் அதைவிடப் பெரிது. மிதியடித் தண்ணீர் வந்த வழி அதுதான்.

அக்கா ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நாள் இதோடதான் ஓடிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

பாய் உடனே பதில் சொல்லவில்லை. தரை மிதியடிகளைத் தூக்கி, அடித்தகட்டைக் குத்திப் பார்த்தார். கதவுகளைத் திறந்து மூடி, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறதா என்று கவனித்தார். முன்கண்ணாடித் தூணின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பார்த்தார். இந்த மாதிரி வண்டிகளில் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. கண்ணாடியின் இரண்டு பக்கத் தூண்கள்தான் கூரையைத் தாங்குகின்றன. கதவின் கீல்களும் அந்தப் பக்கம்தான். மூலையில் பிடித்த துரு தூணின் அடிவரை இறங்கியிருந்தால் கதவு தொங்கும். அந்த நிலைக்கு வந்த வண்டியை வீட்டுப் பெண் ஓட்டுவதற்காகச் சரிபண்ணச் சொல்ல எனக்கு மனம் வராது. அன்றைக்கு நான் பயந்ததும் அதற்குத்தான்.

"தூண் நல்லாருக்கும்மா. விளிம்பும் மூலையும் மட்டும்தான். தரையில ஒரு இடம் பாக்கணும். செய்யலாம்" என்றார்.

ஓட்டையைச் சுற்றித் தகரம் பளபளவென்று வெள்ளையாகத் தெரியும்வரை கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்தார்கள். மெலிந்துபோன தகரத்தை வைத்துக்கொள்வதில் லாபமில்லை. கெட்டியான இடம் வரும்வரை வெட்டியாக வேண்டும். புதுத் துண்டு அதே கனத்தில், ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட தகரத்தில் இருக்க வேண்டும். பழையதன்மேல் ஒரு ஒட்டுப்போட்டு விடுவதும் கூடாது. விளிம்பு இரட்டைத் தடிமன் ஆனால் ரப்பரின் பள்ளம் அதைக் கவ்வாது. கவ்வினாலும் அந்த ஒரு இடத்தில் கண்ணாடியை நெருக்கும். ஆறு மாதம் கழித்து, ஒரு கல்லும் படாமல், மூலையிலிருந்து விரிசல் ஓடும். 'தானா உடைஞ்சிடுச்சு' என்று சொல்லப்படும் கண்ணாடிகளில் சில இப்படி உடைந்தவைதான்.

பற்றவைப்பதையும் ஒரே கோடாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று வைத்து, ஆறவிட்டுச் சேர்த்தார்கள். இல்லாவிட்டால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். அதற்கு முன்பே பேட்டரியைக் கழற்றி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒயர்களை ஒதுக்கி, ஸீட்டின்மேல் நனைத்த சாக்குப் போட்டாயிற்று. தீப்பொறி கண்ணாடியில் பட்டால் அதில் புள்ளி புள்ளியாகக் குழி விழும் என்பதால், கழற்றிய கண்ணாடி வீட்டுக்குள் போய்விட்டது.

ஓட்டை விழாமல் குழி மட்டும் விழுந்த இடங்களுக்கு, பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மருந்து. குழிக்குள் ஒளிந்திருக்கும் துருவை அது இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். அந்த இடம் கறுத்துப் போகும். டப்பாவில் எழுதியபடி துடைத்து, காயவைத்தபின்தான் பிரைமர். (கோலா பானம் ஊற்றினால் துரு போகும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். அதிலும் அந்த அமிலம் உண்டுதான், ஆனால் சொட்டுப் போல. கூடவே வரும் சர்க்கரையால் எறும்புக்குத்தான் கொண்டாட்டம்.) பிரைமர் என்றால் இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி. சாதா ரெட் ஆக்ஸைடு ஜன்னல் கம்பிக்குச் சரி, இந்த இடுக்குக்குப் போதாது. தையல்களில் சீலர், அதன்மேல் வண்டியின் நிறம். விளிம்பில் பட்டி ஒரு சிட்டிகை கூடாது. பட்டி ஈரத்தை உறிஞ்சும், ரப்பரின் பிடியில் உடையும். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது கிளம்பும் தூளில் ஈயம் இருக்கக்கூடும். அதனால் குழந்தைகளையும் துணி காயப்போட்ட கொடியையும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

அக்காவின் மகள் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து வெள்ளிப் பட்டையைப் பாலிஷ் போட்டார். புதுப் பட்டை கிடைக்கிறதா என்று அக்கா விசாரித்ததற்கு, "அப்பா தேய்ச்சது இது. வேற வேண்டாம்" என்று பதில் வந்தது. அதில் ஒரு சின்ன நெளிவு இருந்தது. பாய் அதை மரக்கட்டைமேல் வைத்து நகத்தால் நீவி, முக்கால்வாசி சரிபண்ணிவிட்டார்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டும் வித்தையைப் பார்ப்பதே ஒரு சுகம். புது ரப்பரைக் கண்ணாடிக்கு மாலை மாதிரி போட்டு, விளிம்பைக் கவ்வ வேண்டிய பள்ளத்தில் சுற்றிலும் நைலான் கயிற்றை வைத்து, இரண்டு முனைகளையும் கீழ்நடுவில் உள்ளே விட்டார்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாக. வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்டிக்கொடுக்க, உள்ளே உட்கார்ந்தவர் கயிற்றை மெதுவாக இழுத்தார். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே புரண்டு விழுந்தது. பிறகு ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவே, காய்ந்து இறுகாத மாஸ்டிக். இங்கே ஒரு எச்சரிக்கை. பாத்ரூமுக்கு வாங்கி மிச்சமிருக்கும், வினிகர் வாசனை அடிக்கும் சிலிகானை இதில் போடாதீர்கள். அந்த வாசனை அசிட்டிக் அமிலத்துடையது. எந்தத் தகரத்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபட்டோமோ, அதையே அது அரிக்கும். கடைசியாக, ரப்பரின் வாய்க்காலை விரித்துக்கொண்டே வெள்ளிப் பட்டையைச் செருகி, சேர்க்கையில் மூடியை நகர்த்தினார்கள்.

வண்டியை எடுத்துப் போவதற்கு முன் தண்ணீர்ச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். மேலிருந்து ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. ஹோஸ் பைப்பை முதலில் கீழ் விளிம்பில் ஐந்து நிமிடம் பிடித்து, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்பக்கம். உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் செய்தித்தாள் விரித்திருக்க வேண்டும். அதோடு, வைப்பருக்குக் கீழே காற்றுப்போகும் சல்லடை உள்ள வண்டிகளில் அதன் வடிகால் ஓட்டையை ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். வேப்பம்பூவும் புங்கை இலையும் அங்கே போய் மக்கி, மழைக்காலம் முழுக்கக் குளம் கட்டி வைக்கும்.

அக்காவே உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்தார். இடதுபக்கப் பேப்பர் காய்ந்தே இருந்தது. வலதுபக்கத்தில் எட்டணா அளவுக்கு ஈரம். பாய் ஒன்றும் பேசாமல் பட்டையைத் திரும்ப உருவி, வலது மூலையில் ரப்பரைத் தூக்கி, மாஸ்டிக்கை மறுபடி வைத்தார். இரண்டாம் முறை பத்து நிமிடம் தண்ணீர் பிடித்தோம். அக்கா பேப்பரை எடுத்து மடித்து, கையால் தடவிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே மகளிடம் நீட்டினார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறார்கள். அதற்குள் தரைத் தகட்டில் அந்த ஓர் இடம் மட்டும் பாக்கி.